புள்ளி யார், சாவி யாரிடம்?

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான எங்கள் நகரத்தார் வழக்கத்தில் பிறந்தவுடன் யாரும் கோயில் கணக்கில் ஏறிவிடுவதில்லை. கல்யாணம் ஆக வேண்டும். இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பமோ, அந்தக் கோயிலிலிருந்து மணவீட்டுக்கு மாலை வரும். அன்றைக்குத்தான் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'புள்ளி' ஆவார்கள். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். பொதுக்காரியம் எது பேசினாலும் "மொத்தம் எத்தனை புள்ளி?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார்கள்.

போன வருஷம் என் பேத்திக்குப் பதினெட்டு முடிந்து வாக்காளர் அட்டை வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஐயா, கோயில்ல நான் இன்னும் புள்ளி இல்லை. இதுல மட்டும் முழுப் புள்ளியா?" ஆமாம் என்றேன். எங்கள் வீட்டுப் பட்டாலையில் நிற்கும் பர்மா தேக்குத் தூண்களைக் காட்டி அடுத்த கேள்வியைப் போட்டாள். "பர்மாவுலயும்தான் ஓட்டுப் போட்டாங்க. அங்கே மட்டும் ஏன் நிலைக்கலை?"

முதல் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் முடிந்தது. இரண்டாவதற்கு இரண்டு சாயங்காலம் ஆனது. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மக்களாட்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது தேர்தல். அது பாதிக் கதை. ஒரு நாடு மக்களாட்சியின் பக்கம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்று பார்க்க நான் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன். ஒன்று, புள்ளி யார்? அந்த நாட்டில் வாழ்கிறவர்களில் எத்தனை பேரை அரசு எண்ணிக்கையில் சேர்க்கிறது? இரண்டு, சாவி யாரிடம்? அப்படித் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் கையில் கஜானாவும் ஆணையும் உண்மையிலேயே இருக்கின்றனவா, இல்லை பேசிவிட்டு எழுந்து வருகிறார்களா? தேர்தலின் வளர்ச்சி முதல் கேள்வியில் தெரியும், நாடாளுமன்றத்தின் வளர்ச்சி இரண்டாவதில் தெரியும். இரண்டும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. குழப்பமெல்லாம் அங்கேதான்.

பிரதிநிதி என்றால் யார் என்பது செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். என் ஐயா காலத்தில் கடை ரங்கூனில் இருக்கும், முதலாளி காரைக்குடிப் பக்கத்தில் இருப்பார். கடையை நடத்த ஏஜெண்டு ஒருவர் கப்பலேறுவார். முதலாளி சார்பில் கடன் கொடுக்கவும் வாங்கவும் கையெழுத்துப் போடவும் அவருக்கு அதிகாரப் பத்திரம் உண்டு. தவணை மூன்று வருஷம். நடுவில் பேரேட்டைப் பார்த்து ஐந்தொகை, அதாவது கடையின் மொத்த நிலையைக் காட்டும் கணக்கு, எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். தவணை முடிந்ததும் சாவியை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். அதிகாரம், தவணை, கணக்கு, திரும்பி வருதல் என்ற நான்கில் ஒன்று குறைந்தாலும் அந்தக் கடை முதலாளியுடையது இல்லை. நாடாளுமன்ற உறுப்பினரும் அப்படி ஓர் ஏஜெண்டுதான். முதலாளி நாம்.

இனி நம் நாட்டுக் கதை.

1861-இல் பிரிட்டிஷார் ஒரு சட்டம் போட்டு, கவர்னர்களின் சபைகளில் இந்தியர்கள் சிலரை நியமிக்க வழி செய்தார்கள். தேர்தல் கிடையாது. 1892-இல் நகராட்சி, பல்கலைக்கழகம் போன்ற அமைப்புகள் ஆட்களைச் சிபாரிசு செய்யலாம் என்று ஆனது. பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம், அதன்மேல் வாக்களிக்க முடியாது. 1909-இல் தேர்தல் என்ற சொல் சட்டத்துக்குள் வந்தது, முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதிகளும் கூடவே வந்தன. இந்த ஐம்பது வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். சபை இருந்தது, நம் ஆட்கள் உட்கார்ந்தார்கள், சாவி முழுக்க வெள்ளையர் மடியில் இருந்தது.

1919-ஆம் வருஷச் சட்டத்தை மட்டும் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டு கேள்விகளும் முதல் தடவையாகச் சேர்ந்து எழுந்தது அப்போதுதான். 1920 தேர்தலின்போது சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 4 கோடி. ஓட்டு இருந்தவர்கள் 12 லட்சத்துச் சொச்சம். நிலமோ வீடோ வைத்திருந்து வரி கட்டியவர்தான் புள்ளி. உழுகிறவன், சுண்ணாம்பு அரைக்கிறவன், இந்த வீடுகளுக்குத் தூண் சுமந்தவன் யாரும் கணக்கில் இல்லை. அந்தத் தேர்தலில் பெண்களுக்கும் ஓட்டில்லை. மறுவருஷமே, ஆண்களுக்குள்ள அதே தகுதி இருந்தால் பெண்களும் வாக்களிக்கலாம் என்று சென்னை சபை தீர்மானித்தது. இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். ஆனாலும் சொத்தெல்லாம் ஆண் பேரில் இருந்த காலத்தில் எத்தனை பெண்களுக்கு அது எட்டியிருக்கும்? நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதே சபைக்குள் நியமன உறுப்பினராகப் போய்த் துணைத் தலைவரும் ஆனார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் போராடிய சட்டம் முழுமையாக நிறைவேறியது 1947-இல்.

எங்கள் சமூகத்தைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து மாகாண சபையில் பொதுத் தொகுதிகள் போக, ஜமீன்தார்கள், வர்த்தக சங்கங்கள், தோட்ட முதலாளிகள் போன்றவர்களுக்குத் தனி இடங்கள் இருந்தன. நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கும் ஓர் இடம் இருந்தது. இந்த வட்டாரத்தில் கூலிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஓர் ஓட்டுக்கூட இல்லாதபோது, எங்களுக்கு ஆசனமே இருந்தது. இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெருமை இல்லை. புள்ளி யார் என்ற கேள்விக்கு அன்றைக்குக் கிடைத்த பதில் எவ்வளவு கோணலானது என்பதற்கு அதுவே சாட்சி.

சாவி விஷயத்துக்கு வருவோம். 1919 சட்டம் துறைகளை இரண்டாகப் பிரித்தது. இதை இரட்டையாட்சி என்பார்கள். கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளாட்சி ஆகியவை சபைக்குப் பதில் சொல்லும் மந்திரிகளிடம் வந்தன. போலீஸ், நிலவரி, நிதி ஆகியவை கவர்னரிடமே நின்றன. அடுக்களைச் சாவியை மருமகளிடம் கொடுத்துவிட்டு இரும்புப்பெட்டிச் சாவியை மாமியார் இடுப்பில் செருகிக்கொண்டால் வீட்டை யார் நடத்துவதாக அர்த்தம்? பள்ளிக்கூடம் திறக்க மந்திரிக்கு மனம் இருக்கும், பணத்துக்குக் கவர்னர் பக்கம் கையேந்த வேண்டும். 1935 சட்டத்துக்குப் பிறகு மாகாணத் துறைகள் எல்லாம் மந்திரிகளிடம் வந்தன, வாக்காளர் எண்ணிக்கையும் கூடியது. 1937 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 215 இடங்களில் 159-ஐக் காங்கிரஸ் பிடித்து ராஜாஜி பிரதமரானார். மாகாண முதல்வரை அன்று பிரதமர் என்றுதான் சொன்னார்கள். இரண்டே வருஷம். 1939-இல் இந்தியாவும் போரில் இறங்கியதாக வைஸ்ராய் யாரையும் கேட்காமல் அறிவித்தார். காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன, கவர்னர் தனியாகவே ஆட்சி நடத்தினார். பெரிய சாவி யாரிடம் இருந்தது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோனது.

செட்டிநாட்டில் ஒரு பகுதி புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள் இருந்தது. அங்கே 1902-இல் ஒரு பிரதிநிதிகள் சபையும் 1924-இல் ஒரு சட்டசபையும் வந்தன. குறைகளைச் சொல்லலாம், கேள்வி கேட்கலாம். கடைசிச் சொல் தர்பாருடையது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது.

நம் நாட்டுக் கதையில் என்னை இன்றும் மலைக்க வைப்பது இதற்குப் பிறகு நடந்ததுதான். வேறு பல நாடுகளில் வாக்குரிமை படிப்படியாக இறங்கியது. முதலில் பிரபுக்கள், பிறகு வீட்டுக்காரர்கள், பிறகு தொழிலாளிகள், கடைசியில் பெண்கள். இங்கே நம் அரசியல் சாசனம், 21 வயதான எவரும் வாக்காளர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டது. எழுத்தறிவு இருந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாக இருந்த நாட்டில் இதை எழுதினார்கள். சாசனம் முடிவதற்கு முன்பே வாக்காளர் பட்டியல் வேலையையும் தொடங்கிவிட்டார்கள்.

முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். அவர் பட்டியலில் 17 கோடிக்கு மேல் பெயர்கள். அதில் ஒரு சிக்கல் வந்தது. ஏராளமான பெண்கள், பெரும்பாலும் வடமாநிலங்களில், தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றுதான் சொன்னார்கள். பெயர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று சென் உறுதியாக நின்றார். அதனால் கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்கள் விடுபட்டார்கள். எங்கள் அப்பத்தாவையும் ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டு விலாசத்தைச் சொல்லி, அந்த வீட்டு ஆச்சி என்பார்கள். சென் செய்தது கடுமையாகத் தோன்றலாம், நான் அவர் பக்கம்தான். பெயர் இல்லாத ஒருவரை ஏஜெண்டு வந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த தேர்தலுக்குள் அந்தப் பெண்களில் மிகப் பலர் தங்கள் சொந்தப் பெயரோடு பட்டியலுக்கு வந்தார்கள்.

1951 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் சினியில் தொடங்கிய வாக்குப்பதிவு 1952 பிப்ரவரி வரை நடந்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டிமேல் சின்னம். சீட்டில் குறி எதுவும் போட வேண்டாம், வேண்டிய பெட்டிக்குள் போட்டால் போதும். "காளைமாட்டுப் பெட்டி, கதிர் அரிவாள் பெட்டி" என்று அப்பத்தா கடைசிவரை பெட்டிக் கணக்கில்தான் தேர்தலைப் பேசினார். பிறகு ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறை, 1982-இல் கேரளத்தின் பரவூரில் முதல் மின்னணு இயந்திரம், 2004-இல் நாடு முழுக்க இயந்திரம், பிற்பாடு போட்ட வாக்கைச் சீட்டில் காட்டும் கருவி என்று முறை மாறிக்கொண்டே வந்தது. வயது 21-லிருந்து 18 ஆனது 1989-இல்.

பட்டியலில் பெயர் இருந்தும் புள்ளியாக விடாத இடங்களும் உண்டு. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் அங்கே தேர்தலை ஒழுங்காக நடத்தவிடவில்லை. 2006-இல்தான் நடந்தது. சாசனம் ஒரே வரியில் கொடுத்த உரிமை ஊர் மந்தைவரை வந்து சேர ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நம் பக்கத்தில் அப்படியெல்லாம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, சுதந்திரத்துக்குப் பிறகு சாவி எங்கே? நம் சாசனம் அதை மக்களவையில் வைத்தது. சட்டம் இல்லாமல் எந்த வரியும் வாங்கக்கூடாது. பண மசோதா மக்களவையில்தான் தொடங்க வேண்டும், மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். செலவான பணத்துக்கு ஐந்தொகை பார்ப்பவர் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். அவர் அறிக்கையைப் பிரித்துப் பார்ப்பது பொதுக்கணக்குக் குழு. 1967-லிருந்து அந்தக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரரைத் தலைவராக்குவது வழக்கம். பேரேடு எழுதியவரே அதைத் தணிக்கை செய்யக்கூடாது என்பது எந்தக் கடைப் பையனுக்கும் தெரிந்த விதிதானே. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காக எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். அது நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்குள் நடந்த குலுக்கல், இன்றைய தேர்தலோடு சேர்த்துப் பேசக்கூடாது. அதில் எனக்குப் பிடித்தது வேறொரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்தில் ஓலை போடும் தகுதியை இழந்தார்கள்.

ஏஜெண்டுகளின் நம்பிக்கை போனால் அரசாங்கம் போக வேண்டும் என்பதுதான் நாடாளுமன்ற முறையின் உயிர். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு மக்களவையில் நம்பிக்கை கோரியது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஓட்டு. ராணுவம் தெருவுக்கு வரவில்லை. பிரதமர் ராஜினாமாவைக் கொடுத்தார், பிறகு தேர்தல் வந்தது. அதை அன்று சாதாரணச் செய்தியாகக் கேட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பர்மாவை நினைத்துப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைக்கிறது.

நமக்கும் தவணை தாண்டிய காலம் ஒன்று உண்டு. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. 1976-இல் முடிய வேண்டிய மக்களவை தன் ஆயுளைத் தானே நீட்டித்துக்கொண்டது. ஏஜெண்டே தன் தவணையைத் தானே கூட்டி எழுதிக்கொண்ட மாதிரி. 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தது. என் முதல் ஓட்டு அது. தமிழ்நாட்டில் காங்கிரஸ் கூட்டணிதான் பெரும்பாலான இடங்களை வென்றது, நாட்டளவில் ஆட்சி தோற்றது. தோற்றவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இன்றைக்கு என் மனக்குறை வேறு. பட்ஜெட்டின் பெரும்பகுதி விவாதமே இல்லாமல் ஒரே வீச்சில் நிறைவேறும் வருஷங்கள் உண்டு. 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் ஆள் வாங்குவதைக் கட்டுப்படுத்த வந்தது. ஆனால் கொறடா சொன்னபடி கை தூக்காவிட்டால் பதவி போகும் என்று ஆனதால், நாம் அனுப்பிய ஏஜெண்டு நம்மைவிடக் கட்சி அலுவலகத்துக்குத்தான் அதிகம் பதில் சொல்கிறார். ஓட்டுக்குப் பணம் வாங்குவதைப் பற்றிப் பேசவே வலிக்கிறது. ஏஜெண்டாகப் போக நினைக்கிறவர் முதலாளிக்கே கைக்காசு கொடுத்தால், அதை எந்தக் கடையின் கல்லாவிலிருந்து திருப்பி எடுப்பார் என்று ஒரு நிமிஷம் யோசித்தாலும் போதும்.

இப்போது பேத்தியின் இரண்டாவது கேள்வி.

பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1923-இல் அங்கேயும் இரட்டையாட்சி வந்தது, 1937-இல் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழேயே இந்தியாவிலிருந்து பிரிந்து தனி மந்திரிசபை அமைந்தது. நாம் ஏறிய அதே படிகள்தான். எங்கள் ஐயாக்கள் அங்கே நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-களின் விலை வீழ்ச்சியில் கடன் திரும்பவில்லை, கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. அந்த மண்ணில் உழுதவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. 1948-இல் சுதந்திரம் வந்ததும் அவர்களுடைய நாடாளுமன்றம் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது. எங்கள் குடும்பங்கள் ஒடிந்தன என்பது உண்மை. ஆனாலும் அதைச் செய்தது மக்கள் தேர்ந்தெடுத்த சபை.

1951-52, 1956, 1960 என்று மூன்று தேர்தல்கள் அங்கே நடந்தன. நடுவில் 1958-இல் அரசியல் குழப்பம் முற்றியபோது, ஜெனரல் நே வின் இடைக்கால ஆட்சி நடத்தட்டும் என்று சாவியை ராணுவத்திடம் கொடுத்தார்கள். 1960-இல் தேர்தல் நடத்தி அவர் திருப்பிக் கொடுத்தார். கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருமுறை இரும்புப்பெட்டியைத் திறந்து பார்த்த கை 1962 மார்ச் 2 அன்று மறுபடியும் வந்தது. நாடாளுமன்றம் கலைந்தது. வங்கிகளும் கடைகளும் அரசுடைமை ஆயின, லட்சக்கணக்கான இந்தியர்கள் கட்டிய துணியோடு கப்பலேறினார்கள்.

இதற்குப் பிறகும் பர்மாவில் தேர்தல்கள் நடந்தன என்பதைத்தான் பேத்தி கவனிக்க வேண்டும் என்று நினைத்தேன். 1974-இல் ஒரே கட்சி மட்டும் உள்ள அரசியல் சாசனம் வந்தது, அதன்கீழ் ஓட்டுப் போட்டார்கள். 1990-இல் பல கட்சித் தேர்தல் நடந்தது. ஆங் சான் சூகியின் கட்சி 485 இடங்களில் 392-ஐ வென்றது, அந்தச் சபை கூடவே இல்லை. 2008-இல் புதுச் சாசனம் எழுதினார்கள். அதன்படி நாடாளுமன்றத்தில் நாலில் ஒரு பங்கு இடம் ராணுவம் நியமிப்பவர்களுக்கு. சாசனத்தைத் திருத்த நாலில் மூன்று பங்குக்கு மேல் ஓட்டு வேண்டும். இந்தக் கணக்கைப் பேத்தி தாளில் போட்டுப் பார்த்தாள். தேர்ந்தெடுத்து வந்த அத்தனை பேரும் ஒன்றாகக் கை தூக்கினாலும், ராணுவத்தின் பக்கமிருந்து ஒருவராவது சேராமல் திருத்தம் நிறைவேறாது. அங்கே புள்ளிகள் இருந்தன, 2015-இல் மக்கள் நீண்ட வரிசையில் நின்று சூகியின் கட்சியை ஜெயிக்க வைத்தார்கள், 2020-இல் மறுபடியும் ஜெயிக்க வைத்தார்கள். புதிய நாடாளுமன்றம் கூட இருந்த 2021 பிப்ரவரி 1 அன்று விடியுமுன்பே ராணுவம் வந்துவிட்டது.

பேத்தி கொஞ்ச நேரம் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாக்காளர் பட்டியலைக் காட்டச் சொன்னாள். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் பூட்டிய வீடுகள். இரண்டு வீடு தள்ளி ஒரு பெரிய வீட்டில் பதினோரு பங்காளிகள், எல்லோரும் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள். கோயிலில் அத்தனை பேருக்கும் புள்ளி உண்டு. பட்டியலில் அந்தக் கதவு எண்ணுக்கு நேரே இருப்பவை, வீட்டைப் பார்த்துக்கொண்டு பின்கட்டில் குடியிருக்கும் கணவன் மனைவியின் இரண்டு பெயர்கள் மட்டும்.

"பங்காளிகள் பேரை விட்டுட்டாங்களா ஐயா?"

விடவில்லை. 1950-ஆம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் இருபதாவது பிரிவு அப்படிச் சொல்கிறது. ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். பொதுவாக வாழ்கிற இடத்தில்தான் ஓட்டு. 1920-இல் இதே வீட்டுக்குப் பட்டியல் எடுத்திருந்தால் வீட்டுக்காரர் பெயர் இருந்திருக்கும், பின்கட்டில் இருந்தவர்கள் பெயர் இருந்திருக்காது.

அவள் விரலை வைத்து மேலிருந்து எண்ணத் தொடங்கினாள். எங்கள் தெருவுக்கு 31 பெயர் வந்தது. புதிதாகச் சேர்த்தவர்களைக் கடைசியில் போட்டிருந்தார்கள், முப்பத்தோராவது பெயர் அவளுடையது.